எம்81 கோளக் கொத்தும் விரைவு வானொலி வெடிப்புகளின் பிறப்பிடமும்: விதிவிலக்கு என்னும் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

விரைவு வானொலி வெடிப்புகள் எங்கிருந்து எழுகின்றன என்னும் வினாவுக்கு விடை கூற முற்படும் இக்கால ஆராய்ச்சியுரைகளிற் பெரும்பாலானவை, எஃப்.ஆர்.பி. 20200120ஈ என்று குறிக்கப்படும் மூலத்தை மறுப்பதுமில்லை, மறைப்பதுமில்லை. தமது பொதுக் கொள்கையை முற்ற நிறுவி முடித்த பின்னர், அதற்கு அடங்காத ஒன்றாக அம்மூலத்தை ஓர் ஓரத்தில் இருத்திவிட்டு அப்பாற் செல்கின்றன. பெருவிண்மீன்களின் மரணத்திற் பிறந்து, பிறந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் இருக்கும் இளவயது மக்னெற்றார்களே (மிக வலிய காந்தப்புலமுடைய நியூத்திரன் விண்மீன்களே) இவ்வெடிப்புகளின் தோற்றுவாய் என்பது அப்பொதுக் கொள்கை. அக்கொள்கைக்கு மாறாக, பெருவிண்மீன் என்று சொல்லத்தக்க ஒன்று பிறந்து பல நூறு கோடி ஆண்டுகள் கழிந்துவிட்ட ஒரு கோளக் கொத்திலிருந்து வெடிப்புகள் மீண்டும் மீண்டும் எழுவதை ‘விதிவிலக்கு’ என வாசிப்பது, கிடைத்துள்ள பிரமாணங்களிலிருந்து பெறப்பட்ட முடிபன்று, கொள்கையைக் காக்கும்பொருட்டுப் பிரமாணத்தின்மேல் ஏற்றிவைக்கப்பட்ட சுமை என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஒரேயொரு மூலத்தைக் கைக்கொண்டு ஒரு சாஸ்திரத்தின் பொதுவிதியை மாற்ற முயல்வது அடாது. ஆகவே அம்மூலத்தை எவ்வாறு வாசிப்பது நியாயம் என்ற அளவிலேயே என் விசாரம் நின்றுவிடும்.

2020 சனவரி 20 ஆம் நாள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள சைம் தொலைநோக்கியில் முதன்முதல் அகப்பட்ட இம்மூலத்தின் பிரிகை அளவு, அதாவது அலைகள் வழியிற் கடந்த இலத்திரன்களின் தொகையைக் காட்டும் அளவு, கன சென்ரிமீற்றருக்கு 87.8 பார்செக் மாத்திரமே. நம் உடுமண்டலத்தின் வாயுவையும் அதனைச் சூழ்ந்த புறவெளியையும் கடந்து வருதற்கே அவ்வளவிற் பெரும்பகுதி செலவாகிவிடுமாதலால், மூலம் மிக அண்மையது என்பது அன்றே புலனாயிற்று. மோஹித் பரத்வாஜும் அவரோடு உழைத்தோரும் 2021 இல் அதனை எம்81 உடுமண்டலத்தின் புறப்பகுதியோடு தொடர்புபடுத்தினர். மறுவருடம் பிரான்ஸ் கிர்ஸ்ரன் தலைமையிலான குழுவினர், ஐரோப்பிய வானொலித் தொலைநோக்கிகளை ஒருங்கிணைத்து நோக்கி, அவ்விடம் எம்81 இன் கோளக் கொத்தொன்றின்மேற் செவ்வையாக விழுவதையும், கொத்தின் மையத்திலிருந்து ஆறேழு ஒளியாண்டுத் தூரமே விலகியிருப்பதையும் காட்டினர். கொத்தின் வயது ஏறக்குறைய 900 கோடி ஆண்டு. எம்81 இன் தூரம் ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டு. வெடிப்புகளை மிக நுணுகி ஆராய்ந்தபோது, அவற்றுட் சிலவற்றின் உள்ளே 60 நானோசெக்கன் அளவேயான துடிப்புகள் காணப்பட்டன. அந்நேரத்தில் ஒளி செல்லும் தூரம் 18 மீற்றர்: குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு வள்ளங்களை நீளவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் வரும் நீளத்துக்கு அது மிகையன்று. கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு முழக்கத்தின் ஊற்றிடம் இத்துணைச் சிறிதாயிருக்கக் கூடுமெனின், அது நியூத்திரன் விண்மீனையோ அதனையொத்த இறுகிய பொருளொன்றையோ அடுத்தது என்பதிற் சந்தேகம் அரிது. அவ்வளவில் நானும் எதிர்ப்பட்சத்தாரும் ஒருமனப்பட்டோரே. அப்பொருள் எப்போது, எவ்வழியாற் பிறந்தது என்பதிலேதான் பிணக்கு.

இளமைக் கொள்கையின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2020 ஏப்பிரல் 28 ஆம் நாள், நம் உடுமண்டலத்துள்ளேயே ஏறக்குறைய 30 ஆயிரம் ஒளியாண்டுத் தூரத்திலுள்ள எஸ்.ஜி.ஆர். 1935+2154 என்னும் மக்னெற்றாரிலிருந்து எழுந்த வானொலி வெடிப்பைச் சைம் தொலைநோக்கியும், கலிபோர்னியாவிலும் யூற்றாவிலும் நிறுவப்பட்ட ஸ்ரேர்2 என்னும் எளிய சிறு கருவிகளும் ஒருங்கே பதிந்தன. அதே கணத்தில் எக்ஸ்-கதிர் வெடிப்பொன்றையும் விண்வெளிக் கருவிகள் கண்டன. அம்மக்னெற்றார் ஒரு சூப்பர்நோவா எச்சத்தின் திசையிற் கிடப்பதும் இளமைக்குச் சான்றாயிற்று. அதற்கு முன்பே, முதன்முதலில் இடங்காணப்பட்ட எஃப்.ஆர்.பி. 20121102ஏ, புதுவிண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் ஒரு குறு உடுமண்டலத்தில் இருப்பது 2017 இல் வெளியாகியிருந்தது. மக்னெற்றார் வெடிக்கும் என்பது இவற்றாற் பிரத்தியட்சமாயிற்று. பெருவிண்மீனின் மரணத்திற் பிறந்த மக்னெற்றார் மாத்திரமே வெடிக்கும் என்பதோ எவராலும் எங்கும் நிறுவப்படவில்லை. முன்னதற்குரிய பிரமாணத்தைப் பின்னதற்கும் உரியதாகக் கொண்டதிலேயே வழு புகுந்தது.

விதிவிலக்கு எனக் கூறுவோர் முதற்கண் எடுத்துக்காட்டுவது, எம்81 மூலத்தின் வெடிப்புகள் வலிகுன்றியவை என்பது. உண்மையே, தொலைவிலுள்ள மூலங்களின் வெடிப்புகளோடு ஒப்பிடுகையில் அவை மிகவும் வலிகுன்றியவை. ஆனால், அண்மையிலுள்ள பொருளின் மெல்லிய ஒலி கேட்கும், சேய்மையிலுள்ள பொருளின் உரத்த ஒலியே கேட்கும் என்பது எந்தக் கணக்கெடுப்புக்கும் பொதுவான நியதியாதலால், அண்மைப் பொருள் வலிகுன்றித் தோன்றுவதை அதன் சாதிப் பிரிவுக்குச் சான்றாகக் கொள்வது முறையன்று. எஸ்.ஜி.ஆர். 1935+2154 இன் வெடிப்பும் தொலைவிலுள்ள மூலங்களின் வெடிப்புகளோடு ஒப்பிடுகையில் வலிகுன்றியதே. அதனை எவரும் விதிவிலக்கு என்று ஒதுக்கவில்லை, கொள்கையின் மூலக்கல்லாகவே ஏற்றுக்கொண்டனர். 2022 சனவரியில் ஜேர்மனியின் எபல்ஸ்பேர்க் தொலைநோக்கி, எம்81 மூலத்திலிருந்து 40 நிமிட நேரத்துள் 53 வெடிப்புகளைப் பதிந்த செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. சேய்மையில் மிகுதியாக வெடிக்கும் பெயர்பெற்ற மூலங்கள் காட்டும் புயற்காலங்களை இதுவும் காட்டுகின்றது. நடத்தையில் ஒத்து, வலியில் மாத்திரம் குறைந்து நிற்பதை வேறு சாதி எனப் பிரிக்க இன்னும் வலிய காரணம் வேண்டும்.

மெய்யாகவே விசாரிக்கத்தக்க ஆட்சேபம் வேறொன்று உண்டு. யாழ்ப்பாணத்துத் தீவகத்திலிருந்து வானத்தை நோக்குவோனுக்கு அது தானாகவே தோன்றும். நெடுந்தீவு ஏறக்குறைய 9.5 பாகை வட அகலாங்கில் உள்ளது. பங்குனிப் பிற்பகுதியில் இரவு பத்து மணியளவில் அத்தீவின் வடகரையில் நிற்போர்க்கு, சப்தரிஷி மண்டலத்தைச் சார்ந்த எம்81 கடலின்மேல் 30 பாகை அளவே உயர்ந்து உச்சங்கண்டு சரியும். அதே தீவின் தென்கரையிலிருந்து நோக்கின், 2001 இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியிற் பதிந்து 2007 இல் வெளியிடப்பட்ட முதல் வெடிப்பு வந்த திசை, சிறிய மகெல்லன் முகிலை அடுத்தது, அடிவானத்துக்குமேல் 5 பாகை மாத்திரம் எழுந்து மறையும். ஒரே தீவில் இரு வானங்களின் விளிம்பையும் காணும் நமக்கு, சைம் தொலைநோக்கி நிற்கும் 49 பாகை அகலாங்கில் அத்தெற்குத் திசை ஒருபோதும் எழுவதில்லை என்பதும், வடக்கில் நின்று எண்ணியவர் எண்ணிக்கையில் வடவானமே மிகும் என்பதும் எளிதில் விளங்கும். (காரைநகரிற் பிறந்து வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்பித்த வானநூலறிஞர் அலன் ஆபிரகாமின் ஊரவர், அகலாங்கு என்பது வானநூலில் எத்துணைப் பெரிய விஷயம் என்பதை மறத்தல் தகாது.) மேலும் சைம் அசைவற்ற கருவி. 100 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட நான்கு அரைக்குழாய்த் தளங்களின்மேற் பூமியின் சுழற்சியே வானத்தை ஓட்டிக்காட்டுகின்றதாதலால், துருவத்தை அடுத்த மூலங்கள் மெல்ல நகர்ந்து நெடுநேரம் அதன் பார்வையில் நிற்கும். வான நடுவரையிற் கிடக்கும் மூலத்துக்குக் கிடைக்கும் நேரத்தைப்போல 2.8 மடங்கு நேரம் எம்81 க்கு நாள்தோறும் கிடைக்கின்றது. அண்மையிலுள்ள முதல் மூலம் கோளக் கொத்தில் அகப்பட்டது, கருவி அத்திசையை மிகுதியாகப் பார்த்ததன் பயனேயன்றி இயற்கையின் விகிதத்தைக் காட்டுவதன்று என்று ஒருவர் வாதிக்கலாம்.

இவ்வாதம் வலியது, ஆயினும், அதற்குரிய விடையும் அதே திசையில், ஒரு பாகைக்கும் குறைந்த தூரத்திற் கிடக்கின்றது. எம்82 என்னும் அயல் உடுமண்டலத்தையே குறிப்பிடுகின்றேன். அது எம்81 இன் தூரத்திலேயே உள்ளது; சைம் தொலைநோக்கி அதனை நோக்கும் நேரம் கொத்தை நோக்கும் நேரத்தினின்றும் நூற்றுக்கு நாலைந்து பங்கே வேறுபடும்; கருவியும் ஒன்று, அலைநீளமும் ஒன்று, தேடும் முறையும் ஒன்று. இயற்கை நமக்காகவே அமைத்துவைத்த சோதனைச்சாலை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது. இவ்விரண்டனுள் எம்82 இன் தன்மையோ, இளமைக் கொள்கையார் விரும்பக்கூடிய யாவும் ஒருங்கே அமைந்தது. அதன் மையப் பகுதியிற் புதுவிண்மீன்கள் பிறக்கும் வேகம் நம் உடுமண்டலம் முழுவதிலும் பிறக்கும் வேகத்தைப்போற் பத்து மடங்கு. பெருவிண்மீன்கள் அங்கு ஓரிரு பத்தாண்டுக்கொன்றாக மடிகின்றன. மக்னெற்றார்கள் அங்குண்டு என்பதும் அனுமானமளவில் நிற்கும் செய்தியன்று. 2023 நவம்பர் 15 ஆம் நாள் இன்ரெக்ரல் செய்மதி பிடித்த காமாக் கதிர் வெடிப்பு, மக்னெற்றார் ஒன்றின் பெருஞ்சுடர் என்றும் அது எம்82 இலிருந்து எழுந்தது என்றும் துணியப்பட்டுள்ளது. எனவே இளம் மக்னெற்றார்களே இவ்வெடிப்புகளுக்குப் பெரும்பான்மைக் காரணமாயின், சைம் முதலிற் கண்டிருக்க வேண்டியது எம்82 இன் வெடிப்பு. கண்டதோ எம்81 இன் முதுகொத்தின் வெடிப்பு. எம்82 இலிருந்து ஐயமற நிறுவப்பட்ட விரைவு வானொலி வெடிப்பொன்றும் இதுவரை அறிவிக்கப்படவில்லை.

இதற்கும் ஓர் ஆட்சேபம் உண்டு: எம்82 இன் நடுப்பகுதி அடர்ந்த மின்னேற்ற வாயுவால் நிறைந்தது. தாழ்ந்த மீடிறன் அலைகளை அவ்வாயு உறிஞ்சியும் சிதறடித்தும் அழித்துவிடும். ஆகவே அங்கு வெடிப்புகள் நிகழ்ந்தும் 400 முதல் 800 மெகாஹேட்ஸ் வரை கேட்கும் கருவிக்கு எட்டாமற் போயிருக்கலாம் என்பர். எம்82 இன் செறிந்த வானொலி மூலங்கள் தாழ்ந்த மீடிறனில் மங்குவது அறியப்பட்டதே; இந்த அளவில் ஆட்சேபத்துக்கு நான் இடங்கொடுக்கின்றேன். எனினும், அவ்வாயுவால் மறைக்கப்படாத மற்றொரு சான்று எம்81 இடமே உண்டு என்பதை இவ்வாதம் கவனியாது விடுகின்றது. எம்81 இன் சுருட்கரங்கள் நமக்குச் சாய்வாகக் கிடப்பினும் தெளிவாகத் தோன்றுபவை. அவற்றில் இன்றும் பெருவிண்மீன்கள் பிறக்கின்றன, எம்82 இன் வேகத்தோடு அல்லவாயினும். அங்கே புகைத்திரை இல்லை, தூரவேறுபாடு இல்லை, நோக்குநேர வேறுபாடு இல்லை. அக்கரங்களினின்றும் எழாத ஒன்று, விண்மீன்கள் அருகிய புறவெளியில், உடுமண்டலத்தின் மையத்திலிருந்து ஏறக்குறைய 65 ஆயிரம் ஒளியாண்டு தள்ளி, விண்மீன்தொகையில் ஒரு நுண்பங்கையே கொண்ட கொத்திலிருந்து எழுந்தது எனின், தற்செயல் என்று சொல்லி அமைவது எனக்கு இயலவில்லை. கொத்தும் உடுமண்டலமும் ஒரே நோக்குக்கோட்டில் தற்செயலாய் ஒன்றின்மேலொன்று விழுந்தன என்ற ஐயம் முதலிற் சிலருக்கு இருந்தது. இடங்காணலின் நுண்மையை அறிந்தோர் இன்று அதனை எழுப்புவதில்லை; நானும் அதிற் காலம் போக்கேன்.

எண்ணால் இதனைச் சொல்லிப் பார்க்கலாம். முதுமூலங்கள் எல்லா மூலங்களிலும் நூற்றுக்கு ஐந்து பங்கே என்று கொள்வோமாயின், நம் உடுமண்டலத்துக்கு வெளியே மிக அண்மையில் அறியப்பட்ட மூலம் முதியதாயிருப்பதற்கு இருபதில் ஒரு வாய்ப்பே உண்டு. நூற்றுக்கு ஒன்று எனின் நூறில் ஒரு வாய்ப்பு. ஒற்றைச் சான்றைக்கொண்டு விகிதத்தை அளந்து கூற முடியாது என்பது நியாயமே. விகிதம் மிகச் சிறியது என்னும் கூற்றைச் சங்கைக்குள்ளாக்க ஒற்றைச் சான்றும் போதும். விதிவிலக்கு என்னும் சொல்லோ அந்தச் சிறுவிகிதத்தையே பேசாமற் பேசி நிறுவிவிடுகின்றது.

எதிர்ப்பட்சத்தாரின் தலையாய அரண், வெடிப்பு மூலங்கள் உறையும் உடுமண்டலங்களின் கணக்கெடுப்பு. கலிபோர்னியாவின் டி.எஸ்.ஏ.-110 கருவியால் இடங்காணப்பட்ட வெடிப்புகளின் 30 உடுமண்டலங்களை ஆராய்ந்து 2024 இல் வெளிவந்த முடிவு, அவை பெரும்பாலும் புதுவிண்மீன்களைப் பிறப்பிக்கும் பெருமண்டலங்களாக இருப்பதைக் காட்டியது. அம்முடிவின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அதிலிருந்து எடுக்கப்படும் அனுமானத்தையே ஐயுறுகின்றேன். எம்81 மூலத்தை அது இருக்கும் இடத்திலிருந்து பெயர்த்து, மற்றைய மூலங்கள் சாதாரணமாகக் கிடக்கும் 200 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் வைத்துப் பார்ப்போம். தூரம் ஏறக்குறைய 167 மடங்காகும். கொத்தின் ஒளி 28 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். ஹபிள் தொலைநோக்கிக்கும் கொத்து என ஒன்று அங்கிருப்பது தோன்றாது. தோன்றுவது, இளவிண்மீன்களால் நீலநிறங் காட்டும் சுருட்கரங்களையுடைய ஒரு பெரிய உடுமண்டலமும், அதன் புறத்தே விழும் ஒரு வெடிப்புமே. அப்பொழுது கணக்கெடுப்பவர் அவ்வெடிப்பை எந்தப் பத்தியிற் பதிவார்? புதுவிண்மீன்களைப் பிறப்பிக்கும் பெருமண்டலம் என்னும் பத்தியிலன்றி வேறெதிலும் பதியார். நமக்குக் கிடைத்துள்ள முதுமூலங்களில் மிக உறுதியானதொன்றே, அத்தூரத்தில் இருந்திருப்பின், இளமைக் கொள்கைக்குச் சான்றாக எண்ணப்பட்டிருக்கும் என்றால், அக்கணக்கேட்டில் ஏற்கெனவே இளமையென்று பதியப்பட்டவற்றுள் எத்தனை முதியவை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பெருமண்டலங்கள் இளவிண்மீனும் முதுவிண்மீனும் கோளக் கொத்தும் ஒருங்கு கொண்டவை. வீட்டின் வயதைக்கொண்டு அதில் உறைபவரின் வயதைத் துணிய முடியாததை, வேறு எந்தச் சாஸ்திரத்திலாயினும் முதற்பாடமாகவே கற்பித்திருப்பர்.

இவ்வினாவை நான் எழுப்புவது வெறும் தர்க்கத்துக்காகவன்று என்பதற்கு எஃப்.ஆர்.பி. 20240209ஏ துணைநிற்கின்றது. 2024 பெப்ரவரியிற் கண்டறியப்பட்டு, அடுத்தடுத்த மாதங்களிற் பலமுறை வெடித்த அம்மூலத்தை விஷ்வாங்கி ஷா முதலியோர், ஏறக்குறைய 200 கோடி ஒளியாண்டுத் தூரத்தில், விண்மீன் பிறப்பு ஓய்ந்துபோன ஒரு நீள்வட்ட உடுமண்டலத்தின் மையத்திலிருந்து 1 இலட்சத்து 30 ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இடங்கண்டனர். அம்மண்டலத்தின் வயது 1,100 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது. அங்கே காட்சிக்குட்படாத கோளக் கொத்தொன்று இருக்கலாம். கண்ணுக்கெட்டாத குறுமண்டலமொன்றும் இருக்கலாம். இரண்டையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. முன்னதற்கு எம்81 இல் நேர்ச்சான்று உண்டு. பின்னது கொள்கைக்கு வேண்டியதால் வருவிக்கப்படுவது. நீள்வட்ட உடுமண்டலங்களின் புறவெளி கோளக் கொத்துகளால் நிறைந்தது என்பதும் நினைக்கத்தக்கது. இம்மூலத்தின் வெடிப்புகள் 200 கோடி ஒளியாண்டு கடந்தும் எட்டும் வலியுடையவையாதலால், முதுமூலங்கள் வலிகுன்றியவை என்னும் முதலாவது ஆட்சேபமும் இதனோடு தளர்கின்றது.

அப்படியாயின் கொத்தினுள் வெடிப்பது யாது? இவ்விடத்தில் என் துணிபு சுருங்குகின்றது. நெருங்கிச் செறிந்த கொத்துகளின் நடுவே விண்மீன்கள் ஒன்றையொன்று அடுத்து வந்து, துணை மாற்றி, வெண்குறுமீன்களும் நியூத்திரன் விண்மீன்களும் இரட்டைகளாக இணைவது வழக்கம். நம் உடுமண்டலத்தில் ரேர்சான் 5, 47 துக்கானே முதலிய கொத்துகளில் மில்லிசெக்கன் துடிமீன்கள் மலிந்திருப்பது அவ்விணைப்பின் விளைவே. இரு வெண்குறுமீன்கள் கலந்தோ, அயலதன் பொருளை உண்டு பருத்த ஒன்று தன்னுள் இடிந்தோ, புதிதாக ஒரு மக்னெற்றார் பிறந்திருக்கலாம். பழைய நியூத்திரன் விண்மீனொன்று துணையொன்றால் மீண்டும் விரைந்து சுழலலுற்று, மக்னெற்றார் அல்லாமலே வெடிப்பதும் கூடும். முன்னது உண்மையாயின், மக்னெற்றார்க் கொள்கை நிலைத்து, இளவிண்மீன் என்னும் நிபந்தனை மாத்திரம் நீங்கும். அதுவே நடந்திருக்கும் என்பதன்பால் என் மனம் சாய்கின்றது. எதுவாயினும், பிறப்புவழி ஒன்றுக்கு மேற்பட்டது என்பதையும், அவ்வழிகளுட் பெருவிண்மீனின் மரணத்துக்கு மாத்திரம் தலைமைப் பீடம் அளிக்க இன்று போதிய பிரமாணமில்லை என்பதையும் எம்81 வற்புறுத்துகின்றது.

இதனைச் சோதிக்கும் வழி உண்டு. அதுவும் சைம் தொலைநோக்கியின் வானத்துக்கு வெளியே, தெற்கிற் கிடக்கின்றது. சென்ரோறஸ் ஏ என்னும் நீள்வட்ட உடுமண்டலம், தூரத்தில் எம்81 க்கு ஏறக்குறைய சமமானது. கோளக் கொத்துகளோ ஆயிரத்துக்கு மேற்பட்டவை, எம்81 இன் கொத்துகளைப்போற் பன்மடங்கு. நெடுந்தீவின் வடகரையில் எம்81 உச்சங்காணும் அதே பங்குனி இரவில், மூன்றரை மணி நேரம் கழித்துத் தென்கரையில் 37 பாகை உயரத்தில் அது உச்சங்காணும்; பூனாவுக்கு வடக்கே கோடாட்டில் 45 மீற்றர் விட்டமுடைய 30 கிண்ணங்களோடு நிற்கும் ஜி.எம்.ஆர்.ரி. தொலைநோக்கிக்கு இரண்டும் எட்டும். சென்ரோறஸ் ஏ தானே வானத்தின் மிகப் பிரகாசமான வானொலி மூலங்களுள் ஒன்றாதலால் மெல்லிய வெடிப்புகள் அதன் இரைச்சலில் அமிழும் என்பது ஓர் இடர். ஆயினும் கொத்துகள் மையத்தை விட்டு வெகுதூரம் பரந்து கிடப்பவை. பல கிண்ணங்களை இணைத்து நோக்கும் கருவி அவற்றை வேறுபிரித்துக் காண வல்லது. மண்டலத்தின் நடுவே கிடக்கும் தூசிப்பட்டையில் இளவிண்மீன்களும் உண்டாதலால், வெடிப்பு அகப்பட்டால் அது எங்கிருந்து எழுந்தது என்பதைக் கொத்தளவு நுண்மையோடு துணிதல் இன்றியமையாதது. நெடுங்காலம் நோக்கியும் பட்டையிலிருந்தே வெடிப்புகள் எழுந்து கொத்துகள் மௌனமாயிருப்பின், இங்கு நான் கூறிய வாசிப்புக் கைவிடத்தக்கது. கொத்துகளிலிருந்து ஒன்றேனும் எழுமாயின், கைவிடப்படவேண்டியது எதிர்ப்பட்சத்தாரின் வாசிப்பு.